வயல் சலனப்படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டிச் சீர்செய்யும் முறை

கிராமங்களில் இப்பொழுது செல்போன் இல்லாத வீடு அரிது. பூச்சி விழுந்த பயிரையும், புதிதாக விட்ட நாற்றங்காலையும், மருந்து கலக்கும் விதத்தையும் விவசாயிகள் தாமே வீடியோ என்னும் சலனப்படமாக எடுத்து உறவினருக்கும் பக்கத்து ஊராருக்கும் அனுப்புகிறார்கள். சிலர் யூட்யூப் தளத்திலும் ஏற்றுகிறார்கள். இது பெரிதும் விரும்பத்தக்க பழக்கமே. ஒருவர் வயலில் கண்ட பலனை அடுத்த வயற்காரர் நேரில் வந்து பார்ப்பதே எம் இலாகா நெடுங்காலமாகக் கையாண்டுவரும் செய்முறை விளக்கத்தின் அடிப்படை. சலனப்படம் அக்காட்சியை வரமுடியாதவர்களுக்கும் கொண்டுசெல்கிறது. ஆயினும் எடுத்த படத்தை எடுத்தபடியே அனுப்பினால் பார்ப்போர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வெட்டத் தெரியாமல் வெட்டி அனுப்பினாலோ அதனினும் கெடுதல் உண்டாகிறது. வீட்டில் உள்ள சாதாரணக் கம்ப்யூட்டரைக் கொண்டே, விலையின்றிக் கிடைக்கும் செயலிகளால் இவ்வேலையைச் செய்துகொள்ளும் விதம் இங்கே கூறப்படும்.

வெட்டுவது அற்ப விஷயமென்று எண்ணலாகாது. ஓர் உதாரணம் கூறுவோம். 2018-ம் வருஷம் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்டு, அவ்வருஷமே நமது மாநிலத்திலும் பரவிய படைப்புழு, பெரம்பலூர் முதலிய ஜில்லாக்களின் மக்காச்சோளப் பயிருக்குப் பெருஞ்சேதம் விளைத்தது. அப்புழுவுக்குச் சிபாரிசு செய்யப்படும் மருந்துகளுள் எமாமெக்டின் பென்சோயேட் 5 சதவீதம் எஸ்.ஜி. ஒன்று. அளவு 10 லிட்டர் நீருக்கு 4 கிராம். குருத்தினுள் இறங்கும்படி தெளிக்க வேண்டும். இதை விவசாயி ஒருவர் தம் வயலில் நின்று சொல்லிப் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "பத்து லிட்டர் தண்ணிக்கு நாலு கிராம்" என்கிறார். முன்னால் உள்ள வெறும் பேச்சை நீக்கும்பொழுது வெட்டு அரை விநாடி பிந்தி விழுகிறது. "பத்து" என்ற ஒரு சொல் போய்விடுகிறது. மிஞ்சுவது "லிட்டர் தண்ணிக்கு நாலு கிராம்" என்பது. வாக்கியம் முழுமையாகவே இருப்பதால் கேட்பவருக்கு யாதோர் ஐயமும் எழாது. அவர் 10 லிட்டர் கொண்ட தெளிப்பானில் 4 கிராமுக்குப் பதிலாக 40 கிராம் போடுவார். செலவு பத்து மடங்கு ஆவதோடு, தெளிக்கிற கூலியாளுக்கும் அத்தட்டையைத் தின்னும் மாட்டுக்கும் தீங்கு நேரும். படம் அனுப்பியவருக்கு இது தெரியவே வழியில்லை.

வெட்டு ஏன் நாம் விரும்பிய இடத்தில் விழுவதில்லை என்பதை அறிய, படம் கோப்பில் எவ்வாறு அமைந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சலனப்படம் என்பது விநாடிக்குச் சுமார் 30 தனிப்படங்களின் வரிசை. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள ஒரு தனிப்படத்தைச் சுருக்காமல் வைத்தால் சுமார் 6 மெகாபைட் இடம் பிடிக்கும். அவ்வாறே எல்லாவற்றையும் வைப்பதானால் ஒரு நிமிஷத்துக்கு 11,000 மெகாபைட்டுக்கு மேல் ஆகும். எந்தச் செல்போனும் தாங்காது. ஆகையால் செல்போன் ஒரு தனிப்படத்தை முழுமையாகப் பதிந்துகொண்டு, அதன்பின் வருபவற்றில் மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொண்டு போகிறது. கிராமக் கணக்கில் நிலத்தின் விவரம் முழுவதையும் ஒருமுறை எழுதிவைத்துப் பின்னர் ஏற்படும் மாறுதல்களை மட்டும் பதிந்துவருவதை இதற்கு ஒப்பிடலாம். ஒரு விநாடி முதல் சில விநாடி வரை சென்றபின் மறுபடியும் ஒரு முழுப்படம் வரும். இச்சிக்கனத்தால் சாதாரணச் செல்போன் படம் நிமிஷத்துக்கு 100 முதல் 130 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது; புதிய வகைச் சுருக்கத்தில் இதில் பாதியே ஆகும்.

இதிலிருந்து, மாறுதல் குறிப்பின் நடுவில் வெட்டினால் அதற்கு ஆதாரமான முழுப்படம் இல்லாமற் போகும் என்பது விளங்கும். எனவே வெட்டுவதற்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, முழுப்படம் உள்ள இடத்திலேயே வெட்டித் துவக்குவது. மற்றொன்று, படம் முழுவதையும் கம்ப்யூட்டர் மறுபடி பிரித்துப் புதிதாகச் சுருக்கி எழுதுவது.

முதல் வழிக்கு லாஸ்லெஸ்கட் என்னும் செயலி ஏற்றது. படத்தைத் திறந்து, துவக்கத்தையும் முடிவையும் குறித்து, எக்ஸ்போர்ட் செய்தால் சில விநாடிகளில் வேலை முடியும். படத்தின் தெளிவு எள்ளளவும் குறையாது. பழைய கம்ப்யூட்டரும் திணறாது. குறுக்காக விழுந்துள்ள படத்தை நிமிர்த்தவும் இதுவே போதும், திருப்பிக் காட்டும்படி ஒரு குறிப்பைக் கோப்பில் மாற்றுவதோடு சரி. இதில் கவனிக்கவேண்டியது துவக்கம் ஒன்றே. முந்திய முழுப்படத்துக்கும் அடுத்த முழுப்படத்துக்கும் தாவுவதற்குத் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. எப்பொழுதும் முந்தியதையே கொள்க. இரண்டு விநாடி வெறும் பேச்சு கூடுதலாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அரை விநாடி குறைந்தால் என்ன ஆகுமென்று மேலே கண்டோம். படம் எடுக்கும்பொழுதே, சொல்லத் துவங்குமுன் இரண்டு மூன்று விநாடி வாய்பேசாமல் நின்று, சொல்லி முடித்தபின்னும் அவ்வாறே நின்றால், வெட்டுபவருக்கு வேண்டிய வரப்பு இருபுறமும் கிடைத்துவிடும்.

நடுவில் உள்ள பகுதிகளை நீக்கவும், பல துண்டுகளை ஒட்டவும், எழுத்துச் சேர்க்கவும் இரண்டாவது வழியே வேண்டும். ஷாட்கட் என்னும் செயலி இதற்குப் போதுமானது. அதில் கோட்டை வேண்டிய இடத்தில் நிறுத்தி எஸ் என்ற ஆங்கில எழுத்து விசையை அழுத்தினால் படம் இரண்டாகப் பிரியும். வேண்டாத துண்டைத் தேர்ந்து எக்ஸ் விசையை அழுத்தினால் அது நீங்கி, பின்னுள்ளது முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். நீண்ட படத்தைத் தொகுக்க இவ்விரண்டு விசைகளையும் பழகினாலே முக்கால் வேலை முடிந்தது எனலாம். கம்ப்யூட்டர் பழையதாக இருந்து படம் விட்டுவிட்டு ஓடினால், பிராக்ஸி என்ற வசதியை இயக்குக. அப்பொழுது செயலி சிறிய பதிலிப்படங்களை உண்டாக்கி அவற்றைக் காட்டும். கடைசியில் எழுதும்பொழுது அசலையே எடுத்துக்கொள்ளும். இன்னொரு தொல்லையும் உண்டு. செல்போன்கள் விநாடிக்கு ஒரே எண்ணிக்கையாகப் படம் எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் எடுக்கின்றன. அதனால் தொகுக்கும்பொழுது உதடு ஒன்றும் குரல் ஒன்றுமாகப் பிரிந்துபோவதுண்டு. இத்தகைய படத்தைத் திறந்தவுடன், தொகுப்பதற்கு ஏற்ற வகையாக மாற்றவா என்று ஷாட்கட் கேட்கும். ஆம் என்று விடையளிப்பதே நலம்.

இரண்டாவது வழியில் ஒவ்வொரு முறை எழுதும்பொழுதும் படத்தின் தெளிவு சிறிது தேய்கிறது. ஒருமுறைக்குக் கண்ணுக்குத் தெரியாது. தொகுத்த படத்தையே மறுநாள் எடுத்து மீண்டும் தொகுத்து, அதை வாட்ஸாப்பில் அனுப்பி, பெற்றவர் அதைத் திரும்பத் தொகுத்தால், இலைமேல் உள்ள முட்டைக்குவியல் வெறும் மங்கலாகத் தெரியும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் அறுத்த கதிரையே மறுவருஷம் விதைப்பவர் அடையும் பலன் இதுதான். ஆகையால் செல்போனில் எடுத்த அசல் கோப்பை விதையாகக் கருதித் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு, அதன் பிரதியில் மட்டுமே வேலை செய்யவேண்டும். திருத்தம் வேண்டுமானால் அசலிலிருந்தே மறுபடி துவங்குக. செல்போனிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரக் கம்பி இணைப்பே சிறந்தது. வாட்ஸாப் வழியாக அனுப்பித்தான் தீரவேண்டுமெனில், படமாக அனுப்பாமல் டாகுமெண்ட் என்ற வகையில் அனுப்பினால் கோப்பு சுருங்காமல் உள்ளபடியே சேரும். 2022 முதல் 2 ஜிகாபைட் வரை அவ்வாறு அனுப்ப இடம் உண்டு.

கோப்புக்குப் பெயரிடுவதில் அநேகர் கவனம் செலுத்துவதில்லை. வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்களை முதலில் எழுதி, பின் ஊர், சர்வே எண், பயிர் என்று எழுதினால், கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். தேதியை முதலில் எழுதினால் ஜனவரி 5-ம் தேதியும் ஜூலை 5-ம் தேதியும் அடுத்தடுத்து நிற்கும்.

இங்கே கிராம அதிகாரிகளும் பட்டாதாரர்களும் தனித்துக் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆலங்கட்டி மழை போன்ற, ஓரிடத்தில் மட்டும் நேர்ந்த சேதத்தைப் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். அதன் ஆதாரமாக எடுத்த படம் எதையும் வெட்டவோ, எழுத்துப் பொறிக்கவோ, நிறத்தைத் தூக்கிக் காட்டவோ கூடாது. எடுத்த நேரமும் செல்போன் குறித்த இடமும் அசல் கோப்பினுள் பதிந்திருக்கும். தொகுத்து எழுதியவுடன், அல்லது வாட்ஸாப்பில் படமாக அனுப்பியவுடன், அவை பெரும்பாலும் அழிந்துபோகின்றன. அலங்கரித்த படத்தைவிடக் கோணலான அசலுக்கே மதிப்பு அதிகம்.

இனிக் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். வயல் படங்களில் குறையாக நிற்பது பெரும்பாலும் காட்சியன்று, ஓசையே. பம்பு செட்டின் அருகில் நின்று பேசினால் சொல் எதுவும் காதில் விழாது. பத்தடி தள்ளி நிற்பதே முதல் சிகிச்சை. காற்று வீசினால் செல்போனின் ஒலிவாங்கித் துளையின்மேல் மெல்லிய பருத்தித் துணியை ஒற்றை மடிப்பாகச் சுற்றிக்கொள்ளலாம். இவற்றுக்கு மேலும் இரைச்சல் நின்றால் ஆடாஸிட்டி என்னும் செயலியில் குறைக்கலாம். அதற்கு ஒரு முன்னேற்பாடு செய்துகொள்வது நலம்: எடுக்கும்பொழுது எவரும் பேசாமல் ஐந்து விநாடி பம்பின் ஓசையை மட்டும் பதிந்துவைக்க வேண்டும். ஆடாஸிட்டியில் அவ்வைந்து விநாடியைத் தேர்ந்து, இதுவே இரைச்சல் என்று செயலிக்குக் காட்டிவிட்டு, பிறகு ஒலி முழுவதையும் தேர்ந்து குறைக்கும்படி ஏவினால், சீராக ஒலிக்கும் மோட்டார் ஓசை அடங்கும். காற்றும் காக்கையும் சீராக ஒலிப்பவையல்ல. அவற்றை இம்முறை போக்காது. அளவை மிகுதியாக வைத்தால் குரல் தகரக் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். ஓசை சிறிது மிஞ்சி நிற்கும்படி விடுவதே உத்தமம்.

இரண்டு செல்போன்கள் கிடைக்குமானால் இன்னும் சுலபமான வழி உண்டு. ஒன்றைத் தூரத்தில் வைத்துப் படம் எடுத்து, மற்றொன்றைப் பேசுபவர் சட்டைப்பையில் வைத்துக் குரலை மட்டும் பதியலாம். இரண்டும் ஓடத் துவங்கியபின் பேசுபவர் ஒருமுறை பலமாகக் கைதட்டவேண்டும். ஷாட்கட்டில் இரண்டு ஒலிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் கைதட்டிய இடம் முள்போல் நீண்டு தெரியும். அவ்விரு முட்களையும் நேர்ப்படுத்தி, தூரத்துச் செல்போனின் ஒலியை அடைத்துவிட்டால் போதும். சினிமாக்காரர்கள் பலகை தட்டுவதும் இதற்காகவே. படத்தின் பின்னணியில் சினிமாப் பாட்டுச் சேர்க்கும் வழக்கத்தை மட்டும் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அது பேச்சை மறைப்பதோடு, யூட்யூபில் ஏற்றியவுடன் பாட்டுக்கு உரிமையுள்ளவர் சார்பில் தானியங்கியாகவே ஆட்சேபம் எழும்.

மருந்தின் பெயரும் அளவும் வாயால் சொல்லப்படுவதோடு நிற்காமல் எழுத்தாகவும் இருக்கவேண்டும். இதில் இருவகை உண்டு. ஷாட்கட்டில் எழுத்துச் சேர்த்து எழுதினால் அது படத்தோடு ஒன்றிவிடும். எங்கே அனுப்பினாலும் கூடவே போகும். மற்றொன்று தனிக்கோப்பாக இருக்கும் அடிக்குறிப்பு. சாதாரண நோட்பேடில் பின்வருமாறு எழுதினாலே போதும்:

1
00:00:05,000 --> 00:00:12,000
எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. – 10 லிட்டர் நீருக்கு 4 கிராம்

முதல் வரி வரிசை எண். இரண்டாவது வரி, எழுத்துத் தோன்றும் நேரமும் மறையும் நேரமும், மணி, நிமிஷம், விநாடி என்ற முறையில். ஒவ்வொரு குறிப்புக்கும் பின் ஒரு வரி காலியாக விடவேண்டும். சேமிக்கும்பொழுது எல்லாக் கோப்புகளும் என்ற வகையைத் தேர்ந்து, படத்தின் பெயரையே இட்டு, இறுதியில் புள்ளி வைத்து எஸ்.ஆர்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களைச் சேர்க்கவேண்டும். எழுத்து வகை யு.டி.எஃப்.-8 ஆக இருத்தல் அவசியம். பழைய விண்டோஸில் இதை மாற்றாமல் விட்டால் தமிழெழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். படமும் குறிப்பும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் வி.எல்.சி. செயலி தானாகவே இரண்டையும் சேர்த்துக் காட்டும். யூட்யூபிலும் தனியே ஏற்றலாம். தவறு கண்டால் படத்தைத் தொடாமல் எழுத்தை மட்டும் திருத்தலாம் என்பது இதன் அனுகூலம். ஆயினும் வாட்ஸாப்பில் போகும் படத்தோடு இக்குறிப்பு போகாது. ஆகவே அளவு சொல்லும் இடத்தில் மட்டுமேனும் எழுத்தைப் படத்திலேயே பொறித்துவிட வேண்டுமென்பது எம் அபிப்பிராயம்.

கோப்பின் பருமனைக் கணக்கிடுவது கடினமன்று. விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்லப்படும் எண்ணை 8-ஆல் வகுத்தால் மெகாபைட். அதை 60-ஆல் பெருக்கினால் ஒரு நிமிஷத்தின் பருமன். 1080 வரிப் படத்துக்கு யூட்யூப் சிபாரிசு செய்வது 8 மெகாபிட், அதாவது நிமிஷத்துக்கு 60 மெகாபைட். 720 வரிக்கு 5 மெகாபிட், அதாவது 37.5 மெகாபைட். பருமனைக் குறைக்க ஹேண்ட்பிரேக் என்னும் செயலி உதவும். அதில் தரத்தைக் குறிக்கும் எண் உண்டு. 1080 வரிப் படத்துக்கு 20 முதல் 24 வரை ஏற்றது. எண் குறையக் குறையத் தெளிவும் பருமனும் கூடும் என்பதை மறக்கலாகாது. பலர் இதை நேர்மாறாக எண்ணிக்கொள்கிறார்கள். சொந்த இணையதளத்தில் வைக்கும் படமானால், இணையத்துக்கு ஏற்றதாக்கு என்ற கட்டத்தில் குறியிடுக. படத்தின் உள்ளடக்க அட்டவணை கோப்பின் தலைப்பில் வந்துவிடுவதால், முழுவதும் இறங்குமுன்பே ஓடத் துவங்கும்.

யூட்யூபில் ஏற்றும்பொழுது, எல்லோரும் காணும்படி விடாமல், முகவரி தெரிந்தவர் மட்டும் காணும்படி வைக்கும் வசதி உண்டு. முதலில் அவ்வாறு வைத்து, விவரம் அறிந்த இருவரிடம் காட்டி, அளவுகள் சரியென்று கண்டபின் திறந்துவிடலாம். ஏற்றியபின் பிழை தெரிந்தாலும் அத்தளத்தின் ஸ்டூடியோவிலேயே பிழையான பகுதியை வெட்டிவிடலாம், முகவரி மாறாது. நீண்ட படமானால் விவரக்குறிப்பில் 0:00 முதலாக மூன்று நேரங்களாவது எழுதி ஒவ்வொன்றுக்கும் தலைப்பிட்டால், படம் அத்தியாயங்களாகப் பிரிந்து தோன்றும். ஒவ்வொரு பிரிவும் 10 விநாடிக்குக் குறையலாகாது.

பிறர் ஏற்றிய படத்தைப் பார்ப்பதிலும் சில உபாயங்கள் உள்ளன. கம்ப்யூட்டரில் யூட்யூபைத் திறந்து கே விசையை அழுத்தினால் படம் நிற்கும். ஜே விசை 10 விநாடி பின்னோக்கியும், எல் விசை 10 விநாடி முன்னோக்கியும் செலுத்தும். நிறுத்திய நிலையில் முற்றுப்புள்ளி விசை ஒரு தனிப்படம் முன்னும், காற்புள்ளி விசை ஒரு தனிப்படம் பின்னும் நகர்த்தும். படைப்புழுவின் தலையில் தலைகீழான ஒய் என்ற ஆங்கில எழுத்துப் போன்ற குறியும், உடலின் பின்பகுதியில் சதுரமாக நான்கு புள்ளிகளும் உண்டு. புழு நெளியும் படத்தில் இவை ஓட்டத்தில் தெரியா. ஒவ்வொரு படமாக நகர்த்தினால் ஏதேனும் ஒன்றில் தெளிவாக நிற்கும். வி.எல்.சி. செயலியில் இவ்வேலைக்கு ஈ விசை. பேசுபவர் வேகமாகச் சொன்னால் ஷிப்ட் விசையோடு காற்புள்ளியை அழுத்தி ஓட்டத்தைத் தணிக்கலாம். படத்தின்மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தினால், அந்த விநாடியிலிருந்து துவங்கும் முகவரியை எடுக்கும் வரி கிடைக்கும்; அம்முகவரியை அனுப்பினால் பெறுபவர் இருபது நிமிஷம் தேடவேண்டியதில்லை. பேச்சே முக்கியமான படத்துக்கு 480 வரித் தெளிவு போதும்; இணையச் செலவும் குறையும்.

படம் ஏற்றிய தேதியைப் பாராமல் மருந்துச் சிபாரிசு எதையும் ஏற்கலாகாது. எண்டோசல்பான் 2011-ம் வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் எடுத்த படம் அதை நல்ல மருந்தென்றே கூறும். படம் தன் தேதியை மாற்றிக்கொள்ளாது.

கிராமத்தில் பலர் கூடிப் பார்ப்பதானால், 2006-ல் பெங்களூரின் மைக்ரோஸாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் துவங்கிய டிஜிட்டல் கிரீன் என்னும் முயற்சியின் வழி பின்பற்றத்தக்கது. உள்ளூர் விவசாயிகளையே படமெடுத்து அவ்வூராருக்கே காட்டினார்கள். படத்தை முழுதும் ஓட்டிவிடாமல், பழகிய ஒருவர் அருகிருந்து இடையிடையே நிறுத்தி, கண்டதைப் பற்றிக் கேள்வி கேட்பார். கே விசை இருக்கும்பொழுது இதற்கு வேறு சாதனம் தேவையில்லை. அளவு சொல்லும் இடத்தில் நிறுத்தி, எத்தனை லிட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்த்தவர் வாயாலேயே சொல்லச் செய்க.

சலனப்படம் தயாரித்து வைத்திருப்போர், அதை அனுப்புமுன் மருந்தளவையும் பயிரின் வயதையும் சரிபார்த்துக்கொள்ள விரும்பினால், தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு அசல் கோப்பையும் தொகுத்த பிரதியையும் சேர்த்துக் கொண்டுவரலாம்.